ரோலை முடிக்க எடுத்த படங்கள்

பழைய வீட்டு ஆல்பங்களில் எனக்குப் பிடித்தவை கடைசிப் பக்கத்துப் படங்கள்தாம். முன்பக்கங்களில் காதுகுத்து, திருப்பதி, கிரகப்பிரவேசம் என்று எல்லார் வீட்டிலும் உள்ளதே இருக்கும். கடைசியில் மட்டும் அரிவாள்மணை முன் உட்கார்ந்த அத்தை, துணி உலரும் கொடி, தெருவில் படுத்திருக்கும் மாடு என்று சம்பந்தமில்லாமல் நாலைந்து வரும்.

காரணம் கலை ஆர்வம் இல்லை, சிக்கனம். ஒரு ரோலுக்கு 36 படம். விசேஷம் முடிந்தும் சில மிஞ்சும். காசு கொடுத்து வாங்கிய பிலிமை மிச்சத்தோடு கழுவப் போட யாருக்கு மனசு வரும்? மறுநாள் காலையில் சித்தப்பா யாஷிகா கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். "ரோலை முடிச்சிடலாம், யாராவது வந்து நில்லுங்க." "ஐயோ, தலைகூட வாரலை" என்று அத்தை முந்தானையை முகத்துக்கு இழுப்பதற்குள் க்ளிக்.

அந்தப் படம் இன்னும் எங்களிடம் இருக்கிறது. அத்தையின் முகம் பாதிதான் தெரிகிறது; மற்றதெல்லாம் தெளிவு. விரலில் ஒட்டிய வெங்காயத் தோல், ஆணியில் தொங்கும் பால் கார்டு, கிழிக்க ஆளில்லாமல் விசேஷ நாளிலேயே நின்றுவிட்ட தினசரிக் காலண்டர், பூவேலை செய்த உறைக்குள் டிவி. காதுகுத்துப் படங்களில் இதில் ஒன்றுகூட இல்லை. விருந்தாளிகள் வருகிறார்கள் என்று அன்றைக்கு எல்லாவற்றையும் எடுத்து ஒளித்துவிட்டோமே!

அன்றாடம் படத்தில் ஏறியதே பெரும்பாலும் இப்படித் தற்செயலாகத்தான். 1838-இல் பாரிஸில் புகைப்பட முன்னோடி டாகேர் மாடி ஜன்னலிலிருந்து ஒரு பெரிய வீதியைப் படமெடுத்தார். பல நிமிடம் வெளிச்சம் விழுந்தால்தான் அன்றைக்குப் படம் பதியும். வண்டிகளும் ஜனங்களும் நகர்ந்துகொண்டே இருந்ததால் வீதி காலியாகத் தெரிகிறது. ஷூவுக்குப் பாலிஷ் போடுவதற்காக ஒரே இடத்தில் நின்ற ஆள் மட்டும் சிக்கிக்கொண்டார். புகைப்படத்தில் அடையாளம் தெரியும் முதல் மனிதர் அவர்தான் என்கிறார்கள். அவருக்கு விஷயம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரிந்திருந்தால் பாலிஷ் முடிந்ததும் வருகிறேன் என்றிருப்பார்.

இப்போது போனில் ரோலும் இல்லை, மிச்சமும் இல்லை. மாத்திரை அட்டை, வண்டி நிறுத்திய தூணின் எண், ஹாஸ்டல் மெஸ்ஸில் போட்ட தோசை எல்லாம் படமாகிறது. எதைக் கண்டாலும் போட்டோவா என்று சலித்துக்கொள்பவர்கள், இதெல்லாம் நினைவுக்காக எடுப்பது என்று எண்ணிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோசைப் படம் ஊரிலிருக்கும் அம்மாவுக்கு. சாப்பிட்டாயா என்ற கேள்விக்கு அதுதான் பதில். அம்மா பதிலுக்குப் பூத்த செம்பருத்தியை அனுப்புவாள். துபாயில் வேலை பார்க்கிறவர் ஊரில் தன் வீடு எழும்புவதைப் பார்ப்பதே இப்படித்தான். கடைக்கால் தோண்டியது, நிலை வைத்தது, கான்கிரீட் போட்ட மறுநாள் மேலே தண்ணீர் கட்டியது என்று மச்சினன் ஒன்றுவிடாமல் அனுப்புவான். அவை ஆல்பத்துக்கு எடுத்தவை அல்ல, பேச்சு. பேச்சுக்கு நல்ல நாள் எதற்கு?

இந்தக் கட்சிக்கு ஒத்துவராத ஒருத்தி உண்டு. சிகாகோவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்த விவியன் மேயர், தெருவில் கண்டவர்களையெல்லாம் படமெடுத்தாள், லட்சத்துக்கும் மேல். அநேகமாக யாருக்கும் காட்டவில்லை. ஏராளமான ரோல்களைக் கழுவக்கூட இல்லை. 2007-இல், வாடகை பாக்கிக்காக அவளுடைய பெட்டிகள் ஏலத்துக்கு வந்தபோதுதான் வெளியே தெரிந்தது. 2009-இல் இறந்துபோனாள். பார்க்காத படத்தை எதற்கு எடுப்பது? எடுக்கும் அந்த நொடியில் நன்றாகப் பார்த்தாகிவிட்டது, அதுவே போதும் என்றிருந்தாளோ என்னவோ. சமையலறை ஜன்னலில் விழுந்த வெயிலை எடுத்துவிட்டு யாருக்கும் அனுப்பாத சிலரை எனக்கும் தெரியும். அவர்களிடம் காரணம் கேட்டால் சிரிக்கிறார்கள்.

மெமரி நிரம்பிவிட்டது என்று போன் கத்தும்போது முதலில் அழிவது இந்த வெயிலும் தோசையும்தான். கல்யாணப் படங்களில் கைவைக்க யாருக்கும் துணிவு வராது. இத்தனைக்கும் அவை சொந்தக்காரர்கள் அத்தனை பேர் போனிலும் இருக்கின்றன.