ஜப்பானில் "போய் வருகிறேன்"

கியோட்டோ நகரம் 794-ஆம் ஆண்டில் ஜப்பானின் தலைநகராயிற்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அரசவை அங்கிருந்தது. பின்னர் அது டோக்கியோவுக்குப் போய்விட்டாலும் உபசாரம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது போலும்!

நிஷிகிக் கடைத்தெருவில் ஊறுகாய் வாங்கினால் "ஓக்கினி" என்கிறார்கள். நன்றி என்பதற்கு இந்தப் பிரதேசத்துச் சொல் அது. நூல்களில் காணும் "அரிகாத்தோ" தனியே நின்றால் நண்பர்களுக்கு மட்டுமே தகும். பெரியோரிடம் "கொஸாய்மாஸ்" என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். காலை வணக்கமாகிய "ஒஹாயோ"வுக்கும் இதே விதிதான்.

ஒரே ஒரு சொல்லைத்தான் கற்க முடியுமென்றால், அன்பர்களே, "சுமிமாஸென்" என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். வழி கேட்கவும், பிறர் காலை மிதித்துவிட்டால் மன்னிப்புக் கோரவும் அதுவே உதவும். டிராமில் இடம் தந்தவருக்கும் அதையே சொல்கிறார்கள். "தீரவில்லை" என்பது அதன் வேர்ப்பொருள். தமக்காக ஒருவர் சிரமப்பட்டாரே என்று கூசுவதும் அவர்களுக்கு நன்றிதான்.

உலகறிந்த "ஸயோனாரா"வை வீட்டைவிட்டு வெளியே புறப்படுகிறவர் சொல்வதில்லை. "இத்தேகிமாஸ்" என்கிறார். இத்தே என்றால் போய். கிமாஸ் என்றால் வருகிறேன். வீட்டிலிருப்பவர் "இத்தேராஷாய்", அதாவது "போய் வாருங்கள்" என்று விடை கொடுக்கிறார். தாய் தன் சிறு பிள்ளைக்குச் சொல்லும்போதும் அந்த மரியாதை குறைவதில்லை. நான் தங்கிய விடுதியின் மூதாட்டி, தினமும் வாசல்வரை வந்து அதைச் சொன்ன பிறகே உள்ளே திரும்புவார்.