கடலைமிட்டாய் ஐஸ்கிரீம்

சுங்குவார்சத்திரத்தில் மாடு வைத்திருக்கும் விவசாயி ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கறந்த பால் முழுக்க சொசைட்டிக்குப் போய்விடுகிறது. பேரனுக்குக் கடை டப்பா. அதில் இருந்ததைப் படித்துக் காட்டினேன்: 'ஃப்ரோஸன் டெசர்ட்'. பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய்.

"அப்ப இது ஐஸ்கிரீம் இல்லையா சார்?" முகம் வாடிவிட்டது.

ஞாயிறன்று ஒரு லிட்டர் பாலை நிறுத்தச் சொன்னேன். பாதியாகச் சுண்டக் காய்ச்சி, நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டு, நன்றாக ஆறிய பிறகு ஃப்ரீஸரில் வைத்தோம். முக்கால்வாசி உறைந்ததும் மிக்ஸியில் ஒரு சுற்று. இதை விட்டுவிட்டால் வாயில் பனிக்கட்டி நறநறக்கும். பிறகு நுணுக்கிய கடலைமிட்டாய் ஐந்தாறைக் கலந்து, மறுபடி ஃப்ரீஸர். மிட்டாயை முதலிலேயே போட்டால் வெல்லம் கரைந்து மொறுமொறுப்பு போய்விடும். (என் வீட்டில் அப்படிச் செய்து திட்டு வாங்கியவன் நான்.) கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, உள்ளூர் மிட்டாயும் இதற்குப் போதும்.

பேரன் இரண்டு கிண்ணம் காலி செய்தான். இப்போது தினமும் அரை லிட்டர் பால் வீட்டுக்கு நிற்கிறது.