குத்துக்கோடு போடும் கை

பத்தாம் வகுப்புக்கு ஆயத்தொலை வடிவியல் நடத்துகிறவர்களுக்குத் தெரியும்: குத்துக்கோடு கேட்டால் பலர் நடுக்கோடு போட்டு வருவார்கள், சிலர் மையக்குத்துக்கோடு. கணக்கு தெரியாததால் அல்ல, படம் போடாமல் சூத்திரத்தைத் தேடியதால். எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் மூலைமட்டத்தைக் கரும்பலகையில் ஒரு பக்கத்தோடு ஒட்டிவைத்து, எதிர்முனை தட்டுப்படும்வரை மெல்ல நகர்த்துவார். அப்போது பேசமாட்டார். முனையைத் தொட்டதும் ஒரே இழுப்பு. எந்த முனையிலிருந்து எந்தப் பக்கத்துக்கு என்பது அதைப் பார்த்தவர்களுக்குப் பிறகு குழம்பியதில்லை.

ஏ(3, 4), பி(–3, 1), சி(3, –1) என்ற முக்கோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான வழி, பக்கத்தின் சாய்வைக் கண்டு, தலைகீழாக்கி, குறியை மாற்றி, எதிர்முனையைப் பிரதியிடுவது. பிசி-யின் சாய்வு –1/3. குத்துக்கோட்டுக்கு 3. இங்கே தலைகீழாக்கிவிட்டுக் குறியை மறப்பவர்கள் அதிகம். ஏசி-க்கு வந்தால் 5-ஐ 0-ஆல் வகுக்க வேண்டியிருக்கும். பையன் பேனாவை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். செங்குத்தாக நிற்கும் பக்கத்துக்குக் குத்துக்கோடு கிடையாகத்தானே போகும், பி வழியே ஒய் = 1 என்று எழுதிவிட்டுப் போகலாம். படம் போட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

நான் கைவிடாமல் வைத்திருக்கும் முறையில் சாய்வே கிடையாது. பி-யிலிருந்து சி-க்குப் போகும்போது எக்ஸ் 6 கூடுகிறது, ஒய் 2 குறைகிறது. இந்த இரண்டையும் அப்படியே கெழுக்களாகப் போடுங்கள்: 6எக்ஸ் – 2ஒய். எதிர்முனை ஏ-யைப் பிரதியிட்டால் 18 – 8, அதாவது 10. ஆக ஏ-யின் குத்துக்கோடு 6எக்ஸ் – 2ஒய் = 10. வகுத்தலும் இல்லை, தலைகீழும் இல்லை. அடுத்து சி-யிலிருந்து ஏ-க்கு: வித்தியாசம் 0, 5. பி-யைப் போட்டால் 5ஒய் = 5. பையனை உட்காரவைத்த பக்கம் இங்கே சத்தமில்லாமல் போய்விடுகிறது. கடைசியாக ஏ-யிலிருந்து பி-க்கு: –6எக்ஸ் – 3ஒய் = –15.

எந்த இரண்டைத் தீர்த்தாலும் (2, 1). அதுதான் செங்கோட்டு மையம்.

இப்போது மூன்று சமன்பாடுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டிப் பாருங்கள். எக்ஸ் கெழுக்கள் 6, 0, –6. ஒய் கெழுக்கள் –2, 5, –3. வலப்பக்கம் 10, 5, –15. எல்லாம் பூச்சியம்! முக்கோணத்தை ஒரு சுற்று சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்ததால் வித்தியாசங்கள் அடிபட்டுப்போகின்றன. வலப்பக்கமும் எந்த முக்கோணத்தில் செய்தாலும் அடிபடும். முதல் இரண்டு கோடுகள் சந்திக்கும் புள்ளியை மூன்றாவது கோடு தவறவே முடியாது என்பதற்கு இதற்கு மேல் நிரூபணம் வேண்டியதில்லை. கூட்டல் பூச்சியமாகவில்லை என்றால் எங்கோ குறி தவறியிருக்கிறது, அல்லது சுற்றும் திசையை நடுவில் மாற்றிவிட்டீர்கள்.

செங்கோண முக்கோணமானால் விடை அந்தச் செங்கோண முனையேதான், கணக்கே வேண்டாம். விரிகோண முக்கோணத்தில் புள்ளி வெளியே விழும். வெளியே வந்துவிட்டதே என்று சரியான விடையை அடித்துவிட்டு மறுபடி போட்டவர்களின் தாள்களைத் திருத்தும்போது எனக்கே வயிறு எரியும்.

கணக்கு உருவாக்க நினைக்கும் இளம் ஆசிரியர்களுக்கு ஒன்று. மனம்போனபடி மூன்று புள்ளி எடுத்தால் விடை 41/11 என்று வந்து நிற்கும். விடையிலிருந்து தொடங்குங்கள். செங்கோட்டு மையத்தை ஆதிப்புள்ளியில் வையுங்கள். (1, 3), (–5, 0) என்று இரண்டு முனைகள். எக்ஸை எக்ஸோடும் ஒய்யை ஒய்யோடும் பெருக்கிக் கூட்டினால் –5. மூன்றாவது முனை இந்த இரண்டோடும் அதே –5 தரவேண்டும். (1, –2) தருகிறது. பிறகு எல்லாவற்றையும் வலப்பக்கம் 2, மேலே 1 நகர்த்துங்கள். மேலே போட்ட முக்கோணம் அப்படி வந்ததுதான்.