ஒரு துப்பாக்கிச் சூடு, இரண்டு ஜனாதிபதிகள்

அமெரிக்கப் பத்திரிகை நிருபர் ஆலன் ட்ரூரி 1959இல் வெளியிட்ட ‘அட்வைஸ் அண்ட் கன்சென்ட்’ நாவலும், 1975 வரை அதைத் தொடர்ந்து வந்த ஐந்து நாவல்களும் சேர்ந்தால் ஒரே பெருங்கதை. கதை எழுதப்பட்ட காலத்துக்குச் சில வருஷங்கள் தள்ளி நடக்கிறது. ஆட்சியில் இருப்பது எந்தக் கட்சி என்று கண்டுபிடிக்க முடியாது. பெரும்பான்மைக் கட்சி, சிறுபான்மைக் கட்சி என்பதோடு ஆசிரியர் நிறுத்திக்கொள்கிறார். முதல் நாவலில் வரும் ஜனாதிபதிக்குப் பெயர்கூட இல்லை. ஆனால் முடிவதற்குள் ரஷ்யர்கள் நிலவில் இறங்கிவிடுகிறார்கள். ஸ்புட்னிக் பறந்து இரண்டே ஆண்டு ஆகியிருந்த அமெரிக்காவில் அது கற்பனையாக அல்ல, கண்முன் நிற்கும் பயமாகவே படிக்கப்பட்டது.

அமைச்சர்களையும் தூதர்களையும் நீதிபதிகளையும் ஜனாதிபதி முன்மொழியலாம்; செனட் ஒப்புதல் தந்தால்தான் அவர்கள் பதவியேற்க முடியும். அரசியல் சாசனத்தின் இந்த ஒற்றை விதியின் மேல் முதல் நாவல் முழுவதும் நிற்கிறது. ராபர்ட் லெஃபிங்வெல் என்பவரை வெளியுறவு அமைச்சராக்க ஜனாதிபதி விரும்புகிறார். தென் கரோலினாவின் கிழட்டு செனட்டர் சீப் கூலிக்கு அவர்மேல் பழைய பகை. விசாரணையில் ஒரு சாட்சி, லெஃபிங்வெல் ஒரு காலத்தில் தன்னோடு கம்யூனிஸ்ட் கூட்டங்களுக்கு வந்தவர் என்கிறான். சாட்சி மனநலம் குன்றியிருந்தவன் என்று நிரூபித்து லெஃபிங்வெல் தப்பிக்கிறார். அதற்காகச் சத்தியப் பிரமாணத்தின் பேரில் பொய்யும் சொல்கிறார். அந்தப் பொய் துணைக்குழுத் தலைவரான யூட்டா செனட்டர் பிரிகம் ஆண்டர்சனுக்குத் தெரியவருகிறது. பெயரைத் திரும்பப் பெறும்படி அவர் பிடிவாதம் பிடிக்க, போர்க்காலத்தில் ஹொனலுலுவில் இன்னொரு ஆணோடு அவருக்கு இருந்த உறவைச் சொல்லும் ஒரு புகைப்படம் வெளியே வருகிறது. ஆண்டர்சன் தம் அலுவலகத்தில் தற்கொலை செய்துகொள்கிறார்.

அந்தப் புகைப்படம் கைமாறும் விதம்தான் நாவலின் உயிர். அது ஒரு வில்லன் கையிலிருந்து நேராக வருவதில்லை. உச்சநீதிமன்ற நீதிபதி ஒருவர் கண்டெடுத்து, பெரும்பான்மைக் கட்சியின் செனட் தலைவர் பாப் மன்சனிடம் கொடுக்கிறார். ஆண்டர்சனின் நண்பரான மன்சன் மனமில்லாமல் ஜனாதிபதியிடம் கொடுக்கிறார். அங்கிருந்துதான் அது ஈவிரக்கமற்ற ஓர் இளம் செனட்டரிடம் போகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ‘நான் என் வேலையை மட்டும்தான் செய்தேன்’ என்று ஒவ்வொருவரும் சொல்லிக்கொள்ள இடமிருக்கிறது. சதிகாரர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து திட்டமிடும் மர்ம நாவல்கள் ஆயிரம் உண்டு. மரியாதைக்குரியவர்கள் ஆளுக்கு ஓரடி நகர்ந்து ஒரு மனிதனைக் கொல்வதை இவ்வளவு நிதானமாகக் காட்டியவை குறைவு.

இதை எழுதும் தகுதி ட்ரூரிக்கு வேலையிலிருந்து வந்தது. 1943 முதல் யுனைட்டெட் பிரஸ் செய்தி நிறுவனத்துக்காக செனட் மாடத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர் அவர். அந்த நாட்குறிப்பு பின்னர் 1963இல் தனிப் புத்தகமாகவும் வந்தது. பிறகு நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்கும் செனட் செய்திகளையே எழுதினார். ஆகவே நாவலில் வாக்கு என்பது கொள்கை மட்டும் அல்ல. யாருக்கு யார் எப்போது கைகொடுத்தார், அதைத் திருப்பிக் கேட்கும் நேரம் இதுதானா என்று மன்சன் மனத்தில் ஓட்டும் கணக்கு, கல்யாண வீட்டு மொய் நோட்டைப் போன்றது. பதிவேட்டில் வராத இந்தக் கணக்கு மாடத்தில் பல வருஷம் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். புத்தகம் தடிமன், இடையில் தொய்வும் உண்டு, ஆனால் அவையில் பெயர் அழைத்து வாக்கெடுக்கும் காட்சி வந்தால் கீழே வைக்க முடியாது.

நிஜத்தின் நிழல் எங்கும் விழுகிறது. முன்னாள் கம்யூனிஸ்ட் ஒருவர் உயர் அதிகாரிமேல் சாட்சி சொல்வது 1948இன் விட்டேக்கர் சேம்பர்ஸ் – ஆல்ஜர் ஹிஸ் விவகாரத்தை நினைவூட்டும். வயோமிங் செனட்டர் லெஸ்டர் ஹன்ட், மகன் மீதிருந்த வழக்கை வைத்து எதிர்க்கட்சி செனட்டர்கள் நெருக்கிய நிலையில், 1954 ஜூனில் தம் அலுவலகத்தில் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார். நாவலில் மிரட்டும் செனட்டரை அதே வயோமிங்கின் பிரதிநிதியாகவே ட்ரூரி ஆக்கியிருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. புத்தகம் கடைக்கு வந்த அதே கோடையில் இன்னொன்றும் நடந்தது. ஐசன்ஹோவர் வர்த்தக அமைச்சராக முன்மொழிந்த லூயிஸ் ஸ்ட்ராஸை 1959 ஜூன் 19 அன்று செனட் 49க்கு 46 என்ற கணக்கில் நிராகரித்தது. நாவலுக்கு இதைவிடப் பெரிய விளம்பரத்தை எந்தப் பதிப்பாளரும் செய்திருக்க முடியாது.

விற்பனைப் பட்டியலில் அது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நின்றது. 1960இன் புலிட்சர் பரிசும் கிடைத்தது. நடுவர்கள் சால் பெல்லோவின் நாவலைப் பரிந்துரைத்திருக்க, பரிசு வாரியம் ட்ரூரியைத் தேர்ந்தெடுத்தது. 1962இல் ஆட்டோ பிரெமிங்கர் எடுத்த படத்தில் சீப் கூலியாக வந்தவர் சார்ல்ஸ் லாட்டன். அவருடைய கடைசிப் படம் அதுவே.

இந்திய வாசகரை நிறுத்தும் பாத்திரம் ஒன்று உண்டு: இந்தியத் தூதர் கிருஷ்ண கலீல். எல்லா விருந்திலும் இருப்பார். இரண்டு பக்கத்துக்கும் புத்தி சொல்வார். எந்தப் பக்கமும் சாயமாட்டார். அணிசேராக் கொள்கை அன்றைய வாஷிங்டனுக்கு எவ்வளவு எரிச்சலூட்டியது என்பதை ராஜதந்திர ஆவணங்களைவிட இந்தக் கேலிச்சித்திரம் வெளிப்படையாகச் சொல்கிறது.

அடுத்த நாவல்களில் நிருபர் மெல்ல விலகி, பிரசாரகர் உள்ளே வருகிறார். 1962இல் வந்த ‘எ ஷேட் ஆஃப் டிஃபரன்ஸ்’ ஐ.நா. சபைக்கும் அமெரிக்க நிறவெறிப் பிரச்சினைக்கும் நகர்கிறது. 1966இன் ‘கேப்பபிள் ஆஃப் ஹானர்’ பத்திரிகையாளர்கள்மேல் பாய்கிறது. வால்டர் டோபியஸ் என்ற செல்வாக்குள்ள பத்தி எழுத்தாளர்தான் அதில் குற்றவாளி. அதன் உச்சம் சான் பிரான்சிஸ்கோவின் ‘கௌ பேலஸ்’ அரங்கில் நடக்கும் கட்சி மாநாடு. போர் எதிர்ப்புக் கூட்டங்களும் அடியாட்களும் மாநாட்டையே மிரட்டுகிறார்கள். இரண்டே ஆண்டில் சிகாகோவின் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு வெளியே ரத்தம் சிந்தியது. ட்ரூரி வன்முறையைச் சரியாகக் கணித்தார். காரணத்தைக் கணித்தாரா என்பது சந்தேகம். சிகாகோவில் தடியெடுத்ததில் பெரும்பங்கு போலீஸ் என்று பின்னர் நடந்த விசாரணை கண்டது.

1968இன் ‘பிரிசர்வ் அண்ட் புரொடெக்ட்’ பழைய திறமையை ஓரளவு மீட்கிறது, ஏனெனில் அதன் அடியில் மறுபடியும் ஒரு விதி இருக்கிறது. முதல் நாவலின் ஜனாதிபதி இறந்தபோது பதவிக்கு வந்த துணை ஜனாதிபதி ஹார்லி ஹட்சன், மாநாட்டில் வேட்பாளரான கையோடு விமான விபத்தில் இறக்கிறார். துணை ஜனாதிபதி இருக்கை காலி. 1947ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டப்படி பிரதிநிதிகள் சபைத் தலைவர் வில்லியம் ஆபட் ஜனாதிபதியாகிறார். வேட்பாளர் யார்? மாநாடு கலைந்துவிட்டதால் கட்சியின் தேசியக் குழு கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு அறைக்குள் இருக்கும் சிலரே நாட்டின் அடுத்த ஜனாதிபதியைத் தீர்மானிக்கும் நிலை. இது வெறும் கதை அல்ல: 1972இல் தாமஸ் ஈகிள்டன் விலகியதும் ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு கூடி சார்ஜன்ட் ஷ்ரைவரைத் துணை ஜனாதிபதி வேட்பாளராக்கியது. சபைத் தலைவர் வெள்ளை மாளிகைக்குள் நுழையும் காட்சியை 2003இல் ‘த வெஸ்ட் விங்’ தொலைக்காட்சித் தொடரும் கையாண்டது.

நாவலின் கடைசியில், குழு தேர்ந்தெடுத்த ஆரின் நாக்ஸும் அவருடைய துணை வேட்பாளர் டெட் ஜேசனும் வாஷிங்டன் நினைவுத் தூண் அருகே கூட்டத்தின் முன் நிற்கும்போது துப்பாக்கி வெடிக்கிறது. செத்தது யார் என்று சொல்லாமலே புத்தகம் முடிகிறது. வாசகர்கள் ஐந்து வருஷம் காத்திருந்தார்கள். வந்த பதில் இரண்டு. 1973இன் ‘கம் நினவே, கம் டயர்’ நூலில் இறந்தவர் நாக்ஸ். மிதவாதியான ஜேசன் ஜனாதிபதியாகி சோவியத் நெருக்கடிக்கு மேலும் மேலும் இடம் கொடுக்கிறார். 1975இன் ‘த பிராமிஸ் ஆஃப் ஜாய்’ நூலில் இறந்தவர் ஜேசன். கடுமையான நாக்ஸ் பதவிக்கு வர, ரஷ்யாவும் சீனாவும் ஒன்றோடொன்று அணுப்போரில் இறங்குகின்றன.

உத்தி அபாரமானது, பயன் குறைவு. தோட்டா எந்தப் பக்கம் போனாலும் ஆசிரியரின் தீர்ப்பு மாறுவதில்லை. இரண்டு எதிர்காலமும் ஒரே கட்சிக்காரர் எழுதிய இரண்டு துண்டறிக்கைகள் ஆகிவிடுகின்றன. முதல் நாவலில் ஜனாதிபதியின் கொடுமைக்கும் ஒரு நியாயம் இருந்தது, சீப் கூலியின் பகைக்குள்ளும் ஒரு கண்ணியம் இருந்தது. ஜேசனுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

இதற்கிடையே நிஜ வாஷிங்டனில் விதி மாறியிருந்தது. 1967இல் நிறைவேறிய 25ஆவது சாசனத் திருத்தம், காலியான துணை ஜனாதிபதி இருக்கையை நிரப்ப வழி செய்தது. 1973இல் ஸ்பைரோ ஆக்னியூ விலக, ஜெரால்ட் ஃபோர்டை நிக்சன் முன்மொழிந்தார். இரு அவைகளும் ஒப்புதல் தந்தன. 1974 ஆகஸ்ட் 9 அன்று நிக்சனும் விலக, இரண்டு பதவிகளில் எதற்கும் தேர்தலில் வெல்லாத ஃபோர்ட் ஜனாதிபதியானார். ஆறு நாவல்களில் எதிலும் இப்படி ஒரு வழி இல்லை. ட்ரூரி பின்னும் பல நாவல்கள் எழுதி, 1998 செப்டம்பர் 2 அன்று, தம் 80ஆவது பிறந்தநாளில் காலமானார்.