ஒரு பானைச் சோறு

விமர்சகர்களுக்கென்று ஒரு வேதவாக்கு உண்டு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். நானும் ரொம்ப நாள் இதை நம்பிப் பிழைத்தவன்தான். அந்த நம்பிக்கையை ஒரு கார்ட்டூன் குதிரை உதைத்துத் தள்ளிவிட்டது.

குதிரையின் பெயர் போஜாக் ஹார்ஸ்மேன். அதே பெயரில் 2014 ஆகஸ்டில் நெட்ஃப்ளிக்ஸில் ஆரம்பித்த அமெரிக்க அனிமேஷன் தொடர். பெரியவர்களுக்கானது. பேரன் பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் வம்பு. உருவாக்கியவர் ரஃபேல் பாப்-வாக்ஸ்பெர்க். பாத்திரங்களுக்கு உருவம் கொடுத்தவர் லிசா ஹனவால்ட். மனிதர்களும் மிருகங்களும் சகஜமாகச் சேர்ந்து வாழும் ஒரு ஹாலிவுட்டில் கதை நடக்கிறது. போஜாக், தொண்ணூறுகளில் ஒரு டி.வி. குடும்பக் காமெடியில் கொடிகட்டிப் பறந்து, பிறகு மார்க்கெட் போன நடிகன். மலைமேல் பங்களா, ஓயாத குடி. தன் பழைய எபிஸோடுகளைத் தானே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய ஏஜென்ட் ஒரு பூனை. போட்டி நடிகர் ஒரு லேப்ரடார்.

இரண்டு எபிஸோடு பார்த்தேன். போதும் என்று அணைத்துவிட்டேன். சிபாரிசு செய்த அக்கா பையனிடம், "ஏண்டா, குதிரைக்குக் கோட்டு மாட்டிவிட்டா காமெடியா?" என்றேன்.

"மாமா, எட்டாவது எபிஸோடு வரைக்கும் பாருங்க. அப்புறம் திட்டுங்க" என்றான்.

அமெரிக்க விமர்சகர்களில் பலரும் அப்போது என் கட்சிதான். முதல் சீஸன் மொத்தம் 12 எபிஸோடு. விமர்சகர்களுக்கு முன்கூட்டி அனுப்பப்பட்டவை ஆறு. அந்த ஆறை வைத்து எழுதினார்கள். 'சுமார்', 'பார்த்த சங்கதிதான்' என்கிற ரீதியில் பல விமர்சனங்கள் வந்தன. கார்ட்டூன் என்றாலே கொஞ்சம் இளக்காரம் வேறு உண்டு. 1992-ல் அதிபர் புஷ் (அப்பா புஷ்), அமெரிக்கக் குடும்பங்கள் 'தி சிம்ப்ஸன்ஸ்' குடும்பம் மாதிரி இருக்கக் கூடாது என்று மேடையிலேயே பேசினார். 1999 முடிவில் 'டைம்' பத்திரிகை அதே கார்ட்டூனை நூற்றாண்டின் சிறந்த டி.வி. தொடர் என்றது.

அக்கா பையன் சொல்லுக்காகக் குதிரையிடம் திரும்பிப் போனேன். எட்டாவது எபிஸோடில் போஜாக் தன் பழைய நண்பன் ஹெர்ப்பைப் பார்க்கப் போகிறான். போஜாக்குக்கு வாழ்வு கொடுத்தவன் ஹெர்ப். ஓரினச் சேர்க்கையாளர் என்று தெரிந்ததும் வேலையிலிருந்து துரத்தப்பட்டவன். அன்றைக்குக் கூட நிற்கிறேன் என்று சொல்லியிருந்த போஜாக், சமயத்தில் வாயைத் திறக்கவில்லை. இப்போது ஹெர்ப்புக்குக் கான்ஸர். போஜாக் தயங்கித் தயங்கி மன்னிப்புக் கேட்கிறான். வழக்கமான டி.வி.யாக இருந்தால் இருவரும் கட்டிப்பிடித்து அழுதிருப்பார்கள், பின்னணியில் வயலின். இங்கே ஹெர்ப், மன்னிக்க மாட்டேன் என்று சொல்லிவிடுகிறான். அவ்வளவுதான். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

விமர்சகர்களுக்குப் போன ஆறில் இந்த எபிஸோடு இல்லை!

பின்பாதியைப் பார்த்த விமர்சகர்கள் விழித்துக்கொண்டார்கள். 'இண்டிவயர்' என்ற அமெரிக்க சினிமா, டி.வி. பத்திரிகை, நெட்ஃப்ளிக்ஸ் தொடர்களை இனிமேல் முழு சீஸனையும் பார்த்த பிறகே மதிப்பிடுவது என்று தன் வழக்கத்தையே மாற்றிக்கொண்டது. 2015-ல் இரண்டாவது சீஸன் வந்தபோது ஏறக்குறைய ஒருமித்த பாராட்டு. 2016-ல் கடலுக்கடியில், பெரும்பாலும் வசனமே இல்லாமல் ஒரு எபிஸோடு. 2018-ல் நேர்மாறாக, அம்மாவின் சவ அடக்கத்தில் போஜாக் ஒருத்தன் மட்டும் நின்று பேசிக்கொண்டே இருக்கும் எபிஸோடு. 2020 ஜனவரியில் தொடர் முடிவதற்குள், பத்தாண்டின் சிறந்த தொடர்கள் என்று போட்ட பட்டியல்கள் பலவற்றில் குதிரைக்கு இடம் கிடைத்துவிட்டது.

விமர்சகர்களை மட்டும் குறை சொல்லலாமா? கையில் கொடுத்ததே பாதி. மீதியை எங்கே போய்ப் பார்ப்பார்கள்? முதல் ஆறும் சாதாரணக் காமெடி வேஷம் போட்டுக்கொண்டு வருகின்றன. போகப் போகத்தான் வேஷம் கலைகிறது. சோற்றுப் பழமொழி சோற்றுக்குச் சரி. ஒரே பானை, ஒரே தீ, எல்லாப் பருக்கையும் ஒரே மாதிரி வேகும். கதை அப்படி வேகிற வஸ்து இல்லை.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்யதை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகைக்கு சினிமா விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு புதுமுக டைரக்டரின் படம், மேட்னி ஷோ. சாயந்திரம் ஆறுக்குள் மேட்டர் கொடுத்தாக வேண்டும். இடைவேளையில் எழுந்து வந்து எழுதிக் கொடுத்துவிட்டேன். 'இரண்டாம் பாதியில் கதை நொண்டுகிறது' என்று ஒரு வரியும் அதில் இருந்தது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. படம் ஒரே வாரத்தில் போய்விட்டது. என் விமர்சனத்தால்தான் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. ஆனாலும்.

குதிரையைப் பார்த்த சில மாதங்களில் ஒரு கல்யாண ரிசப்ஷனில் அந்த டைரக்டரைச் சந்தித்தேன். அதற்கப்புறம் அவர் படம் எதுவும் எடுக்கவில்லை. தலை முழுக்க நரைத்திருந்தது. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு விஷயத்தைச் சொல்லி, "மன்னிச்சுக்கணும் சார்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "அதெல்லாம் பழைய கதை. அப்புறமாவது மீதியைப் பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

பார்க்கவில்லை. இத்தனை வருஷத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை. "இப்ப எங்கே சார் கிடைக்கும்?" என்று கேட்டேன்.

"எங்கேயும் கிடைக்காது" என்றார். பிறகு என் கையைப் பிடித்து, "வாங்க, சாப்பிடலாம்" என்று பந்திக்கு அழைத்துப் போனார்.