லிஸ்ட்டில் யார் பெயர் இருந்தது?

டீம் எடுத்தது சரியில்லை என்று சொல்வதில் நம் பக்கத்துப் பையன்களை யாரும் ஜெயிக்க முடியாது. திண்டிவனம் டீக்கடையில் ஐபிஎல் ஏலம் ஓடும் நாளில் போய் நின்றுபாருங்கள். யாரை எத்தனை கோடிக்கு எடுத்திருக்க வேண்டும், யாரை விட்டது முட்டாள்தனம் என்று ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். கால்பந்துக்கு அந்த அளவு கூட்டம் சேராது. ஆனாலும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் கால்பந்துப் பைத்தியங்கள் சிலர் உண்டு. விழுப்புரத்தில் ஞாயிற்றுக்கிழமை அம்பேத்கரை வாசிக்க உட்கார்ந்தால், கடைசி அரை மணி நேரம் சென்னையின் எஃப்சிக்குப் போய்விடும். அந்த அரை மணி நேரத்தில் ஓயாமல் திரும்பி வருகிற பேச்சு ஒன்று: 2017 டிராஃப்ட்.

இளைய தோழர்களுக்காகக் கொஞ்சம் விவரம். இந்தியன் சூப்பர் லீகில் ஆரம்ப காலத்தில் இந்திய வீரர்களை டிராஃப்ட் முறையில் பிரித்துக்கொண்டார்கள். ஏலத்தில் காசு அதிகம் வைத்தவன் ஜெயிப்பான். டிராஃப்டில் வீரரின் விலை முன்பே முடிவாகியிருக்கும். அணிகள் வரிசையில் வந்து, முறை வரும்போது ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். 2017 ஜூலை 23 அன்று மும்பையில் பத்து அணிகள் அப்படி உட்கார்ந்தன. பழைய ஆட்களைத் தக்கவைக்காத அணிக்கு முன்னால் வாய்ப்பு. புதிதாக வந்த ஜாம்ஷெட்பூர் முதல் ஆளாக மலப்புரத்தின் அனஸ் எடத்தொடிகாவை எடுத்தது. சென்னையின் எஃப்சி ஏற்கெனவே ஜெஜேவையும் கரன்ஜித்தையும் வைத்துக்கொண்டதால் பின்னால்தான் வந்தது. வியாசர்பாடியிலிருந்து வந்த தனபால் கணேஷை எடுத்தது. சென்னைப் பையன் நந்தகுமார் சேகரை எடுக்கவில்லை. அவரை டெல்லி டைனமோஸ் கொண்டுபோனது.

இதுதான் எங்கள் வட்டத்தின் தீராத வழக்கு. நந்தகுமார் பிறகு ஒடிசாவுக்குப் போனார், அங்கிருந்து ஈஸ்ட் பெங்காலுக்கு. 2023 ஆகஸ்ட் 12 அன்று டுராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஒற்றைக் கோல் அடித்து, வரிசையாக எட்டு டெர்பி தோற்றுக் கிடந்த ஈஸ்ட் பெங்காலை ஜெயிக்க வைத்தார். "நம்ம ஊரு விங்கரு, கொல்கத்தாக்காரன் தலைல தூக்கி வெச்சிக் கூத்தாடுறான், நாம டிவில பாக்குறோம்" என்று ஒரு தம்பி இன்றும் குமுறுவான்.

குமுறல் நியாயம்தான். ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2016இல் எட்டு அணிகளில் ஏழாவதாக முடித்த சென்னை, அந்த டிராஃப்டில் எடுத்த ஆட்களோடுதான் அடுத்த சீசன் கோப்பையை வாங்கியது. கோவாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் 3-0 என்று ஜெயித்தபோது ஒரு கோல் தனபால் கணேஷ் அடித்தது. 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில் போய் பெங்களூருவையே 3-2 என்று தோற்கடித்தார்கள். அப்புறம் எப்படி டிராஃப்ட் தப்பு என்பது? இதற்கு முடிவே கிடையாது. அமெரிக்கக் கால்பந்தில் 2000ஆம் ஆண்டு டிராஃப்டில் டாம் பிரேடி என்பவரை 198 பேருக்குப் பின்னால்தான் எடுத்தார்கள். அவர் பிறகு ஏழு முறை சூப்பர் பவுல் ஜெயித்தார். சம்பளம் வாங்கிக்கொண்டு ஆள் தேர்ந்தெடுப்பவர்களே அப்படிக் கோட்டை விட்டிருக்கிறார்கள். டீக்கடையில் இருக்கும் நமக்குப் பேச உரிமை இல்லையா என்ன.

எங்களுக்கு இந்த வழக்கில் வேறொரு இடத்தில்தான் கண் போகிறது.

முதலில் அந்த டிராஃப்ட் என்கிற முறை. அதைக் கண்டுபிடித்தது அமெரிக்கா. 1935இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி படுமோசமாக ஆடிக்கொண்டிருந்தது. காசுள்ள அணிகள் நல்ல ஆட்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்த அதன் முதலாளி பெர்ட் பெல், கடைசியில் வந்த அணிக்கு முதல் தேர்வு என்று ஒரு யோசனை வைத்தார். ஜெயித்துக்கொண்டிருந்த சிகாகோ, நியூயார்க் முதலாளிகளும் ஒப்புக்கொண்டார்கள். ஆட்டம் ஒருபக்கமாகப் போனால் பார்க்க ஆள் வராது என்பது அவர்களுக்குத் தெரியும். 1936 பிப்ரவரியில் முதல் டிராஃப்ட் நடந்தது. இன்று வரை அதே விதிதான். முதலாளித்துவத்தின் தலைநகரத்தில், போட்டி போட்டி என்று மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்லும் நாட்டில், தோற்றவனுக்கு முதல் இடம்.

இதை எங்கள் கல்லூரி நண்பர்களிடம் சொல்லிப் பார்த்தோம். "சூப்பர் சிஸ்டம் மச்சி" என்றார்கள். அதே நண்பர்களிடம் இடஒதுக்கீடு பற்றிப் பேசினால் முகம் மாறிவிடுகிறது. தகுதி, திறமை என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். கடைசியில் வந்த அணிக்கு முதல் தேர்வு கொடுத்தால் லீக் வளர்கிறது. கடைசியில் தள்ளப்பட்டவனுக்கு ஒரு சீட்டு கொடுத்தால் நாடு கெட்டுவிடுகிறது. அடுத்த முறை விடுதியில் இந்தச் சண்டை வந்தால் பெர்ட் பெல் பெயரை எடுத்துவிடுங்கள். பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் அந்த வாதத்தோடு நின்றுவிட்டால் நாமும் ஏமாந்தவர்கள்தான். ஏனென்றால் பெர்ட் பெல் கொண்டுவந்த சமத்துவம் முதலாளிகளுக்கு இடையிலான சமத்துவம். 1934 முதல் 1945 வரை அந்த லீகில் ஒரு கறுப்பின வீரர்கூடக் கிடையாது. எழுதி வைத்த சட்டம் ஏதும் இல்லை. அணிகள் எடுக்கவில்லை, அவ்வளவுதான். கடைசி அணிக்கு முதல் வாய்ப்பு என்ற அழகான விதி, வெள்ளைக்காரர் பெயர்கள் மட்டும் இருந்த ஒரு லிஸ்ட்டின் மேல் வருடா வருடம் ஓடியது. அந்த நாளில் பிலடெல்பியாவில் ரசிகர்கள் உட்கார்ந்து இவனை எடுத்தது சரியா, அவனை விட்டது தப்பா என்று விவாதித்திருப்பார்கள். லிஸ்ட்டைப் பற்றி எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

அந்த லிஸ்ட் எப்படித் திறந்தது என்பதுதான் நமக்கு முக்கியமான கதை. 1946இல் ராம்ஸ் என்ற அணி கிளீவ்லாந்திலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு இடம்பெயர்ந்தது. ஆட மைதானம் வேண்டும். அங்கே இருந்த கொலீசியம் ஸ்டேடியம் மக்கள் வரிப்பணத்தில் கட்டியது. ஹாலி ஹார்டிங் என்ற கறுப்பினப் பத்திரிகையாளரும் சிலரும் மைதான நிர்வாகத்தின் கூட்டத்துக்குப் போய், எங்கள் வரிப்பணத்தில் கட்டிய மைதானத்தை எங்களை ஒதுக்கும் அணிக்கு எப்படிக் கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். அணி வழிக்கு வந்தது. கென்னி வாஷிங்டனும் உட்டி ஸ்ட்ரோடும் ஒப்பந்தமானார்கள். டிராஃப்டில் முதல் கறுப்பின வீரரின் பெயர் வாசிக்கப்பட்டது 1949இல்: ஜார்ஜ் டாலியஃபெரோ, பதின்மூன்றாவது சுற்றில். யாருடைய மனமும் தானாக மாறவில்லை. பொது மைதானத்தின் சாவியைப் பிடித்து இழுத்தார்கள்.

இப்போது நம் பக்கம் வருவோம். நந்தகுமாரை எடுத்தாரா விட்டாரா என்ற சண்டையில் இருக்கும் எல்லாப் பெயர்களும் ஏற்கெனவே லிஸ்ட்டில் இருந்தவர்கள். 2017 லிஸ்ட்டில் இருக்க வேண்டும் என்றால் ஒருவர் அதற்கு முன்பே ஏதோ ஒரு கிளப்பில் ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். அந்த கிளப்புக்குப் போக ஒரு அகாடமி, இல்லையென்றால் சென்னை லீகில் ஒரு அணி. அதற்கும் முன்னால் ஒரு பள்ளி, ஒரு வாத்தியார், ஒரு மைதானம். வியாசர்பாடி போன்ற இடத்தில் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்காக உள்ளூர் ஆட்களே பல வருடம் உழைத்து அந்தப் படிக்கட்டைக் கட்டினார்கள். கன்னியாகுமரி மீனவ கிராமங்களில் ஊரே சேர்ந்து கட்டியது. மைக்கேல் சூசைராஜ் அப்படி வந்தவர். நம் திண்டிவனத்துக்கும் சென்னைக்கும் சுமார் 125 கிலோமீட்டர்தான். அந்தப் படிக்கட்டு மட்டும் இங்கே இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். வீரர்களின் பெயரை வைத்து யார் என்ன சாதி என்று தோண்டுகிற வேலை நமக்கு வேண்டாம். அது அவர்களுக்கும் அவமானம், நமக்கும் அவமானம். நாம் எண்ண வேண்டியது மைதானங்களை.

2011 கணக்கெடுப்பின்போது, கள்ளக்குறிச்சி பிரிவதற்கு முந்தைய விழுப்புரம் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு 29 பேர். ஒவ்வொரு கிராமத்திலும் ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். மைதானம் எந்தப் பக்கம் இருக்கிறது? எங்களில் பாதிப் பேர் ஆடியது அறுவடை முடிந்த வயலிலும் ஏரி வற்றிய தரையிலும்தான். மழை வந்தால் சீசன் முடிந்தது. ஊர்த்தெருப் பக்கம் பொங்கலுக்கு நடக்கும் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் கட்டப் போனால், "டீம் ஃபுல் ஆயிடுச்சிப்பா" என்று சொல்லுவார்கள். அடுத்த நாள் பேனரில் பார்த்தால் அணிக்கு ஆள் தேவை என்று இருக்கும். எங்களில் சிலர் படித்த ஒரு ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் விளையாட்டுப் பீரியடு என்றால் கணக்கு நோட்டை எடுக்க வேண்டும் என்று அர்த்தம், பி.இ.டி. வாத்தியார் என்று ஒருவரைப் பார்த்ததே இல்லை. பந்து இருந்தது. அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள்.

2023இல் மேல்பாதி கோயில் கதவுக்கு சீல் வைத்தபோது நாம் எல்லோரும் எழுதினோம், போனோம், பேசினோம். செய்ய வேண்டியதுதான். மைதானத்தின் கதவைப் பற்றி அவ்வளவு எழுதவில்லை. அதற்குக் கதவே இல்லாததால் மூடியிருப்பது தெரிவதில்லை என்று ஒரு தோழர் கிண்டலாகச் சொன்னார்.

படிக்கட்டு கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்தில் கடலூரைப் பாருங்கள். அங்கே பெண்கள் கால்பந்துக்கு ஒழுங்கான பயிற்சி பல வருடமாக நடந்தது. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். 2018இல் தேசிய சீனியர் பெண்கள் போட்டியில் தமிழ்நாடு மணிப்பூரை இறுதியில் வீழ்த்திக் கோப்பை வாங்கியது. கால்பந்தில் மணிப்பூர்ப் பெண்களை ஜெயிப்பது என்பது சாதாரணக் காரியம் இல்லை. விழுப்புரத்திலிருந்து ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில் நடந்தது இது. நம் பெண்பிள்ளைகளுக்கு அந்தத் தூரம்கூட அதிகம். சாயங்காலப் பயிற்சி முடிந்து காலனிக்குத் திரும்பக் கடைசி டவுன் பஸ் இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் நிற்கிறது.

சென்னையின் எஃப்சி ஆடும் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் யாருடையது? தமிழ்நாடு அரசுடையது, விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பொறுப்பில் இருப்பது. லாஸ் ஏஞ்சலிஸில் கேட்ட கேள்வியை இங்கேயும் கேட்கலாம். பொது மைதானத்தில் ஆடுகிற கிளப், வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மாவட்டத்திலும் திறந்த தேர்வு நடத்தட்டும், பயணப்படி கொடுக்கட்டும், வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதட்டும். இப்போது டிராஃப்டும் இல்லை, 2018 முதல் கிளப்புகள் நேரடியாக ஆள் எடுக்கின்றன. முன்பாவது எல்லோரும் பார்க்கும்படி ஒரு மேஜையில் பெயர்கள் இருந்தன. இப்போது யாரைப் பார்க்க ஆள் அனுப்பினார்கள், எந்த ஊரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது நமக்குத் தெரிய வழியே இல்லை.

அரசு செய்வதையும் கேட்க வேண்டும். விளையாட்டு விடுதிகளுக்கு 7, 8, 9, 11ஆம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் தேர்வு செய்கிறார்கள். விண்ணப்பம் இணையத்தில். செய்தி எங்கள் காலனிக்கு வரும்போது பெரும்பாலும் தேதி போயிருக்கும். அதனால் இந்த மாதம் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுகிறோம். கடந்த மூன்று ஆண்டுகளில் விழுப்புரம் மாவட்டத்தில் தேர்வு அறிவிப்பு எந்தெந்தப் பள்ளிகளுக்கு எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை, காலி எத்தனை. சொந்த மைதானம் உள்ள பள்ளிகள் எவை. தேர்வுக்கு வந்த பிள்ளைகளில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர். மனு 10 ரூபாய்தான். திண்டிவனம், விழுப்புரம் தோழர்கள் பள்ளி வாரியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். செஞ்சிப் பக்கமும் மரக்காணம் பக்கமும் இன்னும் ஆள் தேவை. பதில் வந்ததும் ஒவ்வொரு பள்ளிக்கும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், கூடவே ஒரு டேப்பும் எடுத்துக்கொண்டு. காகிதத்தில் இருக்கும் மைதானத்தை அளந்துவிட்டு வர வேண்டியிருக்கிறது.