புகாரியில் ஒரு பகல்

சென்ற விடுமுறையில் வாப்பாவின் கண் வைத்தியத்துக்காகச் சென்னை போனோம். "போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம்" என்றார் வைத்தியர். வெளியே வந்ததும் வாப்பா, "புகாரிக்குப் போவோம் மகள்" என்றார்.

அண்ணா சாலையில் 1951இல் ஏ.எம். புகாரி தொடங்கிய ஹோட்டல் அது. இன்றும் அவர் குடும்பத்தின் கையிலேயே இருக்கிறது. 1965இல் அங்கே அறிமுகமானதால்தான் சிக்கன் 65க்கு அந்தப் பெயர் என்கிறார்கள்.

உணவுப் பட்டியலை நான் வாசிக்க, வாப்பா கேட்டுக்கொண்டிருந்தார். சிக்கன் 65இல் ஒரு துண்டை மென்றவர், "கொச்சிக்காய்த்தூள், இஞ்சி, உள்ளி..." என்று எண்ணத் தொடங்கினார். கண் மங்கினாலும் நாக்கு மங்கவில்லை.

பதுளை பஜாரில் மூத்தவாப்பா போட்ட சாப்பாட்டுக்கடை எங்களுடையது. சம்பள நாளில் ஸ்பிரிங்வெளி, பசறைத் தோட்டத்துச் சனங்களால் நிறைந்துவிடும். அதை விற்க வாப்பா பேசி வைத்திருந்தார். எனக்குத் தெரியும், தெரியாதவள்போல் இருந்தேன்.

"இவ்வளவு காலம் எப்படி வாப்பா நடத்துறாங்க?"

"கல்லாவில வீட்டு ஆள் ஒராள் இருந்திருக்கும் மகள்."

"நான் படிக்கிறது கணக்கியல்தானே வாப்பா. நம்மட கல்லாவில நான் இருக்கிறேன்."

வாப்பா பதில் சொல்லவில்லை. கடைசித் துண்டை என் பீங்கானில் வைத்தார்.

ஊர் திரும்பிய மறுநாள் கடையை வாங்க ஆள் வந்தார். உள்ளே பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்த எனக்கு வாப்பாவின் குரல் கேட்டது:

"மகள்ட சோதினை முடியட்டும். பிறகு அவளிட்டயே கேளுங்க."